தும்பி மார்க் பச்சை

ஒயர் கூடையைப் பிரித்ததும் முதலில் வந்தது எலுமிச்சை ஊறுகாய் வாசனை. அரக்கு முத்திரை வைத்த துணிப்பைக்குள் கூடையை அப்படியே போட்டு, வெம்பக்கோட்டைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சென்னை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். லேபிள்களை மட்டும் தனியே எடுத்து அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை போலும். நசிமா கையுறை மாட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியையும் பல் போன சீப்பையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடியில் ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்த பட்டாசு லேபிள் கட்டை வெளியே எடுத்தாள். ஒவ்வொரு லேபிளிலும் கரும்பச்சை நிறத்தில் ஒரு தும்பி இறக்கை விரித்திருந்தது.

கூடைக்குச் சொந்தக்காரி இருளம்மாள். 2007 ஆடி மாதம், வெம்பக்கோட்டைக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் லைசென்ஸ் இல்லாத தகர ஷெட் ஒன்று வெடித்ததில் செத்துப்போனவர்களில் ஒருத்தி. அங்கே வேலைக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுக் கூடைகளை ஷெட்டுக்கு வெளியே நின்ற கருவேல மரத்தில் மாட்டிவைப்பார்கள். மரத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கருகிப்போனது. இருளம்மாளின் கூடை மறுபக்கம் தொங்கியதால் தப்பித்தது. ஷெட்டை வாடகைக்கு எடுத்து நடத்திய முனியராஜும் அந்த வெடியிலேயே போய்விட்டதால், யாருக்காக அங்கே பட்டாசு செய்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. பிழைத்த இரண்டு பேரும் முதல் நாள் ஆஸ்பத்திரியில் தும்பி மார்க் கம்பெனிக்காக என்றார்கள். பிறகு தங்களுக்கு எதுவும் தெரியாது என்றார்கள்.

தும்பி மார்க் பட்டாசுகளை முறைப்படி லைசென்ஸ் வாங்கிச் செய்கிற கம்பெனி சிவகாசியில் இருந்தது. அதன் முதலாளி சீனிவாசகம் மறுநாளே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “எங்க லேபிளைப் பாத்துப் போலியா அடிச்சு வித்துக்கிட்டிருக்காங்க. அந்த ஷெட்டுக்கும் எங்க கம்பெனிக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல.”

எனவே இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இந்த லேபிள்கள் அசலா, போலியா?

நசிமாவுக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தவரின் மகள். வேதியியல் படித்து, தடயவியல் வேலைக்கு வந்து, ஆவணங்கள் பிரிவில் காசோலைத் திருத்தங்களையும் உயில்களில் போட்ட கையெழுத்துகளையும் பார்த்துக்கொண்டிருந்தவள். முந்தின வருடம் அங்கே ராமன் நிறமாலைக் கருவி ஒன்று வந்திருந்தது. மையின் மேல் ஊசிமுனை அளவுக்கு லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சிதறித் திரும்புகிற ஒளியில் மிகச் சிறிய பங்கு மட்டும் தன் நிறம் சற்றே மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்த மைக்குள் இருக்கும் பொருளைப் பொறுத்தது. கணினித் திரையில் அது மேடும் பள்ளமுமாக ஒரு கோடாக விழும். ஒரே பச்சையாகக் கண்ணுக்குத் தெரிகிற இரண்டு மைகளும் அங்கே இரண்டு வெவ்வேறு மலைத்தொடர்களாகத் தெரியும். தாளைக் கிழிக்க வேண்டாம், மையைச் சுரண்ட வேண்டாம். அந்தக் கருவியை இயக்கப் பழகியிருந்தவர்கள் இரண்டே பேர். அதில் நசிமா ஒருத்தி.

தும்பியின் இறக்கையில் அவள் முதலில் வைத்த புள்ளியிலேயே ஒரு விசேஷம் தெரிந்தது. கடையில் டப்பாவாகக் கிடைக்கும் பச்சை மை இல்லை அது. நீலம், மஞ்சள், கொஞ்சம் கறுப்பு என்று மூன்றையும் கலந்து யாரோ கையால் உண்டாக்கிய பச்சை. ஒரு லேபிளில் மட்டும் கோடு சரியாக விழவில்லை. பார்த்தால், விலையும் மாதமும் குத்திய ஊதா ரப்பர் முத்திரையின் விளிம்பு இறக்கையின் மேல் ஏறியிருந்தது. ஊதா பட்ட இடத்தில் வெளிச்சம் வெள்ளமாகப் பொங்கி மற்றதையெல்லாம் மூழ்கடித்துவிட்டது. அவள் தாளை ஒரு நூல் தள்ளி, ஊதா படாத இடமாக வைத்துக்கொண்டாள்.

ஒப்பிட்டுப் பார்க்க அசல் லேபிள்களும், அவற்றை அடித்த பிரஸ்ஸின் மையும் வேண்டும். அதற்காக அவளே போலீசாரோடு சிவகாசிக்குப் போனாள். கம்பெனி குடோனிலிருந்து, இன்னும் முத்திரை குத்தாத, பெட்டியில் ஒட்டாத லேபிள் தாள்களை எடுத்துக் கொடுத்தார்கள். லேபிள் அடிக்கும் பிரஸ் யாருடையது என்று கேட்டபோதுதான் அவளுக்குத் திக்கென்றது. முகம்மது நூகுவின் பிரஸ்.

நூகுவின் வீடு விருதுநகரில் நசிமாவின் தெருவில்தான் இருந்தது. தினமும் பஸ்ஸில் சிவகாசிக்குப் போய்ப் பிரஸ்ஸை நடத்திவிட்டுத் திரும்புகிற மனிதர். நசிமா உடனே மேலதிகாரிக்குப் போன் போட்டுச் சொன்னாள். “சொந்தமா?” என்று கேட்டார் அவர். இல்லை, ஒரே தெரு என்றாள். “ஒரே தெருன்னா கேசை விட முடியுமா? பாருங்க” என்று வைத்துவிட்டார்.

நூகு அவளை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றார். “அட, நம்ம வத்தல் கடை வீட்டுப் பிள்ளையா? வாம்மா, உக்காரு. டீ சாப்பிடுவியா?”

“வேண்டாம் மாமா. அரசாங்க வேலையா வந்திருக்கேன். தும்பி மார்க் லேபிளுக்கு எந்தப் பச்சை போட்டீக?”

“டப்பாப் பச்சைதான் போடுறது. இந்த சீசன்ல சரக்கு வரத் தாமதமாச்சு. ஆர்டர் களுத்தைப் பிடிக்குது. சரின்னு இங்கனயே நீலமும் மஞ்சளும் கலந்து, கொஞ்சம் கறுப்பையும் சேத்து ஓட்டினோம். ஒரே ஒரு தடவைதான். மிச்சம் அந்தா அந்த டப்பாவுல கெடக்கு பாரு.”

நசிமாவின் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் டப்பாவை எடுத்தார். நூகு தடுக்கவில்லை. தாராளமாக அதன் மூடியைத் திறந்தும் காட்டினார்.

“எடுத்துட்டுப் போங்க. அந்த ஜனங்க கருகிக் கெடந்ததைப் பேப்பர்ல பாத்துட்டு நான் ரெண்டு நாள் சோறு திங்கலை. சீனிவாசகம் மொதலாளி போலின்றாரு. போலியில்லைன்னா அது வெளிய வரட்டும். அடிச்சது நாங்க, வேன் கொண்டாந்து ஏத்திட்டுப் போனது அவுக கம்பெனி. எனக்கு என்னம்மா பயம்?”

திரும்பும்போது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒருவர் காத்திருந்தார். ஒல்லியான உடம்பு, தலையில் லோடு சுமந்து சுமந்து முடி தேய்ந்த உச்சி. இருளம்மாளின் புருஷன் ஊர்க்காவலன். கூடையைக் கொண்டுவந்து போலீசில் கொடுத்தவர் அவர்தான்.

“அம்மா, நீங்கதான் மெட்ராஸ்லருந்து வந்தவுகளா? எம் பொண்டாட்டி தும்பிக் கம்பெனி வேலைன்னுதான் சொல்லிட்டுப் போவா. கம்பெனி வேன்தான் லேபிளக் கொண்டாந்து போடும்பா. இப்ப அவுக கம்பெனியே இல்லைன்றாக. அப்ப எம் பொண்டாட்டி யாருகிட்ட வேலைக்குப் போனா? சொல்லுங்க. காத்துக்கிட்டயா போனா?”

“மையை வெச்சுப் பாத்தாத் தெரியும்ணே. கொஞ்சம் பொறுங்க.”

“அந்த மிசினு பொய் சொல்லாதாமே?”

“சொல்லாது” என்றாள் நசிமா.

சென்னைக்கு வந்து ஒப்பிட்டுப் பார்த்ததில் சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை. கூடையிலிருந்த லேபிள், கம்பெனி குடோனில் எடுத்த லேபிள், நூகுவின் டப்பாவில் இருந்த மிச்ச மை ஆகிய மூன்றுக்கும் கோடு ஒன்றுதான். நீலத்தின் முகடுகளும் மஞ்சளின் முகடுகளும் அதே உயரத்தில், அதே இடத்தில். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரே கோடாகத் தெரிந்தது. காகிதமும் ஒன்று. அவள் அறிக்கை எழுதினாள். ‘மூன்றும் ஒத்துப்போகின்றன. சம்பவ இடத்து லேபிள்கள் வேறு மையில் அச்சிட்ட போலிகள் அல்ல.’ கையெழுத்துப் போட்டபோது அவளுக்கு ஊர்க்காவலனின் முகம் நினைவுக்கு வந்தது. அன்று மத்தியானம் வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அந்த நிம்மதி அடுத்த வாரம் பேப்பர் வரும்வரைதான். சீனிவாசகம் பேச்சை மாற்றிவிட்டார். லேபிள் அசல்தான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எங்களுக்குக் கொடுத்தது போக அதிகமாக அடித்து, பிரஸ்காரர் திருட்டுத்தனமாக அந்த ஷெட்டுக்கு விற்றிருக்கிறார். அரசாங்க ஆய்வுக்கூடமே சொல்லிவிட்டது, மை அவருடைய பிரஸ் மை என்று. எங்கள் பெயரைக் கெடுத்ததற்கு அவர்மேல் நாங்களே புகார் கொடுக்கிறோம்.

நூகுவைப் பிரஸ்ஸில் வைத்தே கைது செய்தார்கள். நசிமாவின் அறிக்கைதான் முதல் ஆதாரம்.

ரம்ஜான் பெருநாளுக்கு நசிமா விருதுநகர் வந்தாள். தெருவில் நாலு வீடு தள்ளி நூகுவின் வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. பிள்ளைகள் புதுச்சட்டையோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டை மட்டும் தாண்டிப் போனார்கள். நூகு அப்போது ஜெயிலில் இருந்தார். ஜாமீன் மனு இரண்டு தடவை தள்ளுபடியாகியிருந்தது. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு நூகுவின் மனைவி கமருன்னிசா வந்தாள். நசிமாவின் அம்மா பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கமருன்னிசா அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

“நசிமா, உங்க அத்தா மவுத்தாகி அடக்கத்துக்குத் தூக்குனப்ப சந்தூக்குக்கு மொத ஆளாத் தோள் குடுத்தது எங்க வீட்டு ஆளு. அதைச் சொல்லிக்காட்ட வரலை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். ஒத்துப்போவுதுன்னு எளுதுனியே, ஒத்துப்போவலைன்னு எளுதியிருந்தா அவுக இன்னிக்குப் பெருநாத் தொளுகைக்குப் போயிருப்பாகல்ல?”

“பொய் எப்படி மாமி எழுத முடியும்?”

“பொய் எளுதச் சொல்லலைம்மா. மெய்யை எளுதி யாருக்கு என்ன கெடைச்சதுன்னுதான் கேக்குறேன்.”

நசிமாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “மாமா தானா முன்வந்து டப்பாவ எடுத்துக் குடுத்தாக மாமி. தப்புப் பண்ணவுக அப்படிக் குடுக்க மாட்டாக. அது எனக்குத் தெரியும். ஆனா மை அதைச் சொல்லாது. இன்ன மைன்னுதான் சொல்லும். லேபிள் கட்டை யாரு தூக்கிட்டுப் போனாகன்னு சொல்லாது.”

“அப்ப அது என்ன மிசினு?” என்றாள் கமருன்னிசா. கோபம் இல்லை அந்தக் குரலில். தெரியாததைக் கேட்கிற குரல்தான். அதுவே நசிமாவுக்குத் தாங்கவில்லை.

பதில் தேடி மனம் அந்த லேபிள் கட்டையே சுற்றிச் சுற்றி வந்தது. பச்சை, தும்பி, இறக்கை. இறக்கையின்மேல் ஏறியிருந்த ஊதா.

“மாமி, பிரஸ்ல லேபிள் மேல விலை முத்திரை குத்துவாகளா?”

“அது கம்பெனில குத்துறதும்மா. எங்ககிட்டருந்து மொட்டையாத்தான் போகும். ஏன் கேக்குற?”

கூடையிலிருந்த லேபிள்களில் முத்திரை இருந்தது. கம்பெனிக்குள் போய் முத்திரை வாங்கிய பிறகுதான் அவை ஷெட்டுக்குப் போயிருக்க வேண்டும். முத்திரைக் கட்டையை யாரும் செய்துகொள்ளலாம், அது சாட்சியாகாது. ஆனால் ஸ்டாம்ப் பேடில் இருக்கும் மை? எந்தக் கேள்வியும் கேட்காமல் அந்த ஊதாவைத்தான் அவள் இடைஞ்சல் என்று ஒதுக்கித் தள்ளியிருந்தாள். கேட்ட கேள்விக்குப் பச்சை போதும் என்று இருந்துவிட்டாள்.

கமருன்னிசா போனதும் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள்.

“சார், கம்பெனி ஸ்டாம்ப் பேடு வேணும். முத்திரை குத்தின பெட்டி நாலஞ்சும் குடோன்லருந்து எடுங்க. இன்னைக்கே.”

“மேடம், லேபிள் அசலா போலியான்னு கேட்டோம். சொல்லிட்டீங்க. ஆளைப் பிடிச்சாச்சு. இப்பப் போயி ஸ்டாம்ப் பேடுன்னா எப்படி?”

“எழுத்துலயே அனுப்புறேன் சார். எடுக்க முடியாதுன்னா நீங்களும் எழுத்துலயே சொல்லுங்க.”

எழுத்து என்றதும் சங்கரலிங்கம் இறங்கி வந்தார். ஒரு வாரம் கழித்து ஸ்டாம்ப் பேடு ஒன்றைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். அது புத்தம் புதிது. மேலே சுற்றிய பாலிதீன் கூட முழுக்கப் பிரியவில்லை. பழையது எங்கே என்று கேட்டதற்கு, காய்ந்துபோனதைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்று கம்பெனியில் சொன்னார்களாம். முத்திரை குத்திய பெட்டிகளும் குடோனில் இல்லை. தீபாவளி லோடு அத்தனையும் லாரி ஏறி வடக்கே போய்விட்டது.

தன்னிடமிருந்த லேபிளின் ஊதாவை அப்போதுதான் நசிமா முறையாகப் பார்த்தாள். வெள்ளித் துகள் கரைத்த கரைசலில் ஒரு சொட்டு வைத்தால், பொங்கி வரும் வெளிச்சம் அடங்கிச் சாயத்தின் கோடு எழும்பி வரும். எழும்பியது. நாடு முழுக்க எல்லா ஸ்டாம்ப் பேடிலும் இருக்கிற சாதாரண ஊதாச் சாயம். அதோடு கூடவே இன்னொன்று, கொஞ்சமாக ரோஸ் நிறச் சாயம். பேடு காய்ந்தபோது யாரோ கையில் கிடைத்த ரோஸ் மையை அதில் ஊற்றியிருக்கிறார்கள். எத்தனையோ ஆயிரம் அலுவலகப் பேடுகளுக்கு நடுவில் அந்தப் பேடைத் தனியாகக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். ஒப்பிட இன்னொரு முத்திரைதான் அவளிடம் இல்லை.

தீபாவளியன்று காலையில் சென்னையில் தெருவெல்லாம் புகை. தும்பி மார்க் பெட்டிகள் பாட்னாவிலும் டெல்லியிலும் கான்பூரிலும் பிரிந்து, சரம் சரமாக வெடித்துக்கொண்டிருக்கும். சீனிவாசகத்தின் முத்திரை அத்தனை ஊர்களிலும் சாம்பலாகிக்கொண்டிருந்தது. நசிமா செருப்பை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனாள். குவிந்து கிடந்த காகிதக் குப்பையைக் காலால் விலக்கி, குனிந்து, கருகாத அட்டைகளை எடுத்துப் புரட்டினாள். மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, “என்னம்மா தொலைச்சிட்டே?” என்று கேட்டாள். நசிமா அடுத்த குவியலுக்கு நகர்ந்தாள். பச்சைத் தும்பி அந்தத் தெருக்களில் எங்கும் இல்லை.

கார்த்திகை பிறந்த பிறகு அம்மாவைப் பார்க்க வந்தவள், விருதுநகரில் இறங்கியதோடு நிற்காமல் கடை கடையாக விசாரித்துக்கொண்டு சாத்தூர்வரை போனாள். அங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில், விற்காமல் தங்கிப்போன சரக்குக்கு நடுவில் தும்பி மார்க் பெட்டிகள் இருந்தன. ஒன்றை வாங்கி முத்திரையைப் பார்த்தாள். அதே ஊதா, அதே மாதம். கடைக்காரரிடம் பில் கேட்டாள்.

“பில்லா?” அவர் சிரித்துவிட்டார். “வெடிக்கு யாருங்க பில்லு போடுறா?”

அங்கிருந்தபடியே இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, மிச்சப் பெட்டிகளைச் சாட்சி வைத்துக் கைப்பற்றுமாறு சொன்னாள். அவர் “பாக்குறேன் மேடம்” என்றார். அவர் பார்க்கப் போனபோது கடையில் தும்பி மார்க் பெட்டி ஒன்றுகூட இல்லை. கம்பெனி ஏஜெண்டு வந்து விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துப் போய்விட்டாராம். அந்தக் கம்பெனி அதற்குமுன் ஒரு வருடமும் அப்படி எடுத்ததில்லை என்று கடைக்காரர் சொன்னார்.

ஆய்வுக்கூடத்தில், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், நசிமா அந்தப் பெட்டியின் முத்திரை மேல் வெள்ளிக் கரைசலை ஒரு சொட்டு வைத்தாள். கோடு எழும்பியது. ஊதாவும் ரோஸும். கூடை லேபிளின் கோட்டை அதன்மேல் இழுத்து வைத்தாள். இரண்டும் ஒன்றாகி, பிறகு ஒரே கோடுதான் திரையில் இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சீனிவாசகத்தின் கம்பெனிக்குள் முத்திரை குத்திய லேபிள்தான் கரிசல் காட்டு ஷெட்டுக்குப் போயிருக்கிறது. உலகத்தில் இது தெரிந்தது சீனிவாசகத்துக்கும் அவருடைய ஆட்களுக்கும். இப்போது அவளுக்கும்.

மேலதிகாரி முழுதும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“யார் கைப்பற்றினது?”

“நான் காசு குடுத்து வாங்கினது சார்.”

“கைப்பற்றினதா மகஜர் இருக்கா? சாட்சி இருக்கா? சீல் வெச்சிருக்கா? பெட்டியை நீங்களே வாங்கி, நீங்களே டெஸ்ட் பண்ணி, நீங்களே சாட்சி சொன்னா எந்தக் கோர்ட்டு எடுத்துக்கும்? அதுவும் உங்க தெருக்காரருக்காக. இதை எழுதினா நீங்க முன்னாடி குடுத்த ரிப்போர்ட்டையும் சேர்த்துக் குப்பையில போடுவாங்க நசிமா.”

“அப்ப தெரிஞ்சும் சும்மா இருக்கணுமா?”

“தெரியறது வேற. நிரூபிக்கிறது வேற” என்றார் அவர். அவர் கெட்ட மனிதர் அல்ல. அதைச் சொன்னபோது அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது.

இருந்தும் அவள் எழுதினாள். கூடுதல் அறிக்கை என்று தலைப்புப் போட்டு, பெட்டி எப்படிக் கிடைத்தது என்பதை ஒளிக்காமல், இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வந்தது. அதற்கப்புறம் பதிலே இல்லை.

நூகுவுக்குப் பொங்கல் சமயத்தில் ஜாமீன் கிடைத்தது. வெளியே வந்தவருக்குப் பிரஸ் இருந்தது, ஆர்டர் இல்லை. கம்பெனிகள் ஒவ்வொன்றாக வேறு பிரஸ்ஸுக்குப் போய்விட்டன. சீனிவாசகத்தைப் பகைத்துக்கொண்டு நூகுவுக்கு ஒரு கட்டு லேபிளுக்குக்கூட ஆர்டர் கொடுக்க யாரும் தயாராக இல்லை. அடுத்த சீசனுக்குள் மிஷினைக் கேரளாக்காரர் ஒருவருக்கு விற்றார். சர்க்கரை ஏறி, கால் புண் ஆறாமல், இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

வழக்கு 2009 கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. நசிமா அரசுத் தரப்புச் சாட்சி. கூண்டில் ஏறியபோது எதிரே நூகு சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. பின்வரிசையில் கமருன்னிசா. கடைசி பெஞ்சு ஓரத்தில் ஊர்க்காவலன்.

அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். மை ஒன்றுதான். காகிதம் ஒன்றுதான். போலி அல்ல.

நூகுவின் வக்கீல் எழுந்தார். “குற்றம் சாட்டப்பட்ட நூகுவோட பிரஸ்ஸில அச்சடிச்ச லேபிளை, அவர்தான் அந்த ஷெட்டுக்குக் கொடுத்தார்னு உங்க கருவி சொல்லுதா?”

“இல்லை. கருவியால அதைச் சொல்ல முடியாது. கம்பெனி குடோன்ல இருந்த லேபிளும் அதே மைதான். அங்கிருந்தும் போயிருக்கலாம்.”

“லேபிளில் வேற ஏதாவது மை இருந்ததா?”

“இருந்தது. விலை முத்திரை. அதில ஊதாவோட ரோஸ் சாயம் கலந்திருந்தது. சாத்தூர்க் கடையில வாங்கின தும்பி மார்க் பெட்டியிலயும் அதே கலவைதான்...”

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். அந்தப் பெட்டி வழக்குச் சொத்து அல்ல, யாரும் கைப்பற்றவில்லை, சாட்சிக்கும் நூகுவுக்கும் ஒரே தெரு. நீதிபதி பேனாவை நிறுத்தி நசிமாவைப் பார்த்தார்.

“அந்த முத்திரையை முதல் தடவையே ஏன் நீங்க பரிசோதிக்கலை?”

நசிமா நீதிபதியை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“என்கிட்ட கேட்டது அசலா போலியான்னு மட்டும்தான். அதுக்குப் பச்சை மை போதும்னு நெனைச்சேன். நான் பாத்திருக்கணும். அன்னைக்கே பாத்திருந்தா அந்த ஸ்டாம்ப் பேடு கிடைச்சிருக்கும்.”

நீதிபதி குனிந்து எழுதினார். பெட்டியைப் பற்றிய பகுதி பதிவாகவில்லை.

தீர்ப்பு வந்த அன்று நசிமா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகவில்லை என்று நூகுவை விடுதலை செய்தார்கள். சீனிவாசகத்தின் பெயர் அந்தத் தீர்ப்பில் புகார்தாரர் என்ற இடத்தில் மட்டும் வந்தது. அந்த ஷெட் யாருக்காக நடந்தது என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை; அதை நடத்தியவன் இறந்துவிட்டதால் அத்துடன் முடிந்தது.

வெளியே வேப்ப மரத்தடியில் ஆட்டோ நின்றது. கமருன்னிசா நூகுவைக் கைத்தாங்கலாக ஏற்றினாள். நசிமா பக்கத்தில் போய் நின்றாள். நூகு அவளைப் பார்க்காமல், முன்னால் இருந்த ஆட்டோக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நீ உள்ளதைத்தாம்மா சொன்ன. ரெண்டு தடவையும் உள்ளதைத்தான் சொன்ன.”

ஆறுதலா, குற்றச்சாட்டா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கமருன்னிசா தலையை மட்டும் அசைத்தாள். ஆட்டோ போய்விட்டது.

ஊர்க்காவலன் கோர்ட்டுப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தார்.

“உக்காருங்கண்ணே.”

“பாய் விடுதலையானது நல்லதுதாம்மா. அவரு மேல எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இல்ல. ஆனா இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லலியே, எம் பொண்டாட்டி யாருகிட்ட வேலை பாத்தான்னு. கலெக்டர் ஆபீசுல கேட்டா கம்பெனிப் பேரு எளுதுங்கன்றாக. தும்பிக் கம்பெனின்னு எளுதினா, அதுக்கு ருசு எங்கன்றாக. ருசு நீங்கதான்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்.”

நசிமா அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

“எனக்குத் தெரியும்ணே. அது அவுக கம்பெனி லேபிள்தான். இருளம்மா அக்கா அவுககிட்டதான் வேலை பாத்தாக. அதுல சந்தேகமே இல்ல.”

ஊர்க்காவலன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

“நீங்களாவது சொன்னீகளே. போதும்.”

அது போதாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஏதாவது கேட்க வேண்டுமே என்று, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று நசிமா கேட்டாள்.

“ஒரே பொண்ணு. ஓவியா. அவ ஆத்தா போனதும் படிப்பை நிறுத்திட்டா. இப்ப தும்பிக் கம்பெனிக்குத்தான் போறா. சரம் பின்னுற வேலை.”

நசிமா திடுக்கிட்டுத் திரும்பினாள். “சீனிவாசகம் கம்பெனிக்கா? அங்கனயாண்ணே அனுப்புறீக?”

“வேற எங்கனம்மா அனுப்பச் சொல்றீக? காட்டுக்குள்ள ஷெட்டுக்கு அனுப்பவா? மானம் பாத்த நெலம், மழையும் இல்ல. லைசென்ஸ் உள்ள எடமாச்சும் இருக்கட்டும்னுதான். நெருப்புப் பிடிச்சா ஓட வாசல் இருக்கும்ல.” அவர் குரலில் ரோஷமோ வெட்கமோ இல்லை. “அவுக கேட்டாக, நீ இருளம்மா மகதானன்னு. ஆமான்னாளாம். சரி வான்னு எடுத்துக்கிட்டாக. கேஸ் கீஸுன்னு போகக்கூடாதுன்னு மட்டும் சொல்லி அனுப்பிச்சிருக்காக.”



ஊர்க்காவலன் வெயிலைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“பொண்ணைக் கம்பெனி வேன் வந்து எறக்கிவிடுற நேரத்துக்குள்ள ஊரு போகணும். நான் போயி ரோட்டுல நிக்கணும். தெனமும் நிப்பேன். அவ எறங்கி நடந்து வர்றதப் பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும். வரட்டுமாம்மா?”

அவர் வேகமாக நடந்து, கோர்ட்டு வாசலைக் கடந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினார். நசிமா படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் வந்து கேட்டைச் சாத்தப்போவதாகச் சொன்ன பிறகுதான் எழுந்தாள்.